அச்சை மாற்றினால் பொம்மை மாறுமா?

கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்திலிருந்து விருத்தாசலம் வந்துபோகும் மாணவர்களுக்குப் பீங்கான் பொம்மைகள் புதியவை அல்ல. களிமண் குழம்பை பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்சுவதால் சுவரோரம் மண் படிகிறது. மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு, சற்று இறுகியதும் அச்சைப் பிரித்தால் உள்ளே கூடான பொம்மை! இப்போது ஒரு கேள்வி. அச்சில் மூக்கைச் சிறிது நீட்டிச் செதுக்கினால், நேற்றே சூளையில் வெந்த பொம்மைக்கு மூக்கு நீளுமா?

நீளாது அல்லவா? ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கணிப்பொறி மொழியில் நீளும்!

இம்மொழியை 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் உருவாக்கினார். இதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மூலப்பொருள் உண்டு. பொருளிடம் ஒரு வேலையைச் சொன்னால், அதைச் செய்யும் முறை தன்னிடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். இல்லையென்றால் மூலத்திடம் போகும். அங்கும் இல்லையென்றால் மூலத்தின் மூலத்திடம். முறையை நகலெடுத்து வைத்துக்கொள்வதில்லை, ஒவ்வொரு தடவையும் போய்க் கேட்கிறது. எனவே மூலத்தில் இன்று சேர்த்த முறை நேற்றுப் பிறந்த பொருளுக்கும் கிடைக்கும்.

'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். 5 என்று விடை வரும். இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணிவிடுகிறது! சொற்களின் மூலத்தில் 'எழுத்தெண்ணு' என்று நாமே ஒரு முறை எழுதிச் சேர்த்தால், எல்லாச் சொற்களும் அக்கணமே சரியாக எண்ணும். இது நீட்டித்தல். இருக்கும் முறையின் பெயரிலேயே ஒரு பொருளுக்குத் தனி முறை வைத்தால் தேடல் அங்கேயே நின்றுவிடும், மூலத்திலுள்ளது மறைந்துவிடும். இது மேலெழுதுதல். புதிய முறைக்குள்ளிருந்து மூலத்தின் பழைய முறையை அழைத்து, அதற்குமேல் கொஞ்சம் சேர்ப்பதும் உண்டு. மூலத்தை அழைப்பதாக நினைத்துத் தன்னையே அழைத்தால் போச்சு, நாய் வாலைத் துரத்திய கதைதான்!

மூடூல்ஸ் என்னும் நிரல் தொகுப்பு இந்த வசதியைத் தாராளமாகப் பயன்படுத்தியது. அணிக்குள் அணியாக அடுக்கியவற்றைப் பிரித்து ஒரே வரிசையாக்கும் 'ஃபிளாட்டன்' முறையை அணிகளின் மூலத்தில் சேர்த்திருந்தது. பின்னாளில் மொழியை வகுக்கும் குழு அதே பெயரில் ஒரு முறையை மொழியிலேயே கொண்டுவர முனைந்தது. 2018-இல் ஃபயர்பாக்ஸ் உலாவியின் சோதனைப் பதிப்பில் அதை வைத்தார்கள். பழைய இணையதளம் ஒன்று பழுதாயிற்று!

காரணம் விசித்திரமானது. மொழியோடு பிறந்த முறைகள், பொருளின் உறுப்புகளை வரிசையாக எண்ணும்போது கண்ணில் படாதவை. மூடூல்ஸ் தன் முறையை அதன்மேல் எழுதியதும் முறை மாறியது. மறைந்திருக்கும் குணம் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது. பிறகு அதே மூடூல்ஸ், அணியின் முறைகளை எண்ணி வேறொரு பொருளுக்கு நகலெடுத்தபோது ஃபிளாட்டன் விடுபட்டுப் போயிற்று.

பழைய தளங்கள் உடையட்டும் என்றனர் சிலர். 'ஸ்மூஷ்', அதாவது நசுக்கு, என்று பெயர் வைக்கலாம் என ஒருவர் வேடிக்கையாகச் சொன்னது பெரிய விவாதமாயிற்று. கடைசியில் குழுதான் விட்டுக்கொடுத்தது. 2019-ஆம் ஆண்டுப் பதிப்பில் அம்முறை 'ஃபிளாட்' என்ற குட்டிப் பெயரோடு இடம்பெற்றது.