துளிர்களுக்கு எட்டாத இரும்பு

இலை பசுமையாக இருப்பதற்கு இரும்புச் சத்து இன்றியமையாதது. வேர் அதனை மண்ணினின்று உறிஞ்ச, அது நீரோடு கலந்து தண்டின் வழியே மேலேறி இலைகளை அடைகிறது. ஆயினும், இலையிலிருந்து இளந்துளிர்களுக்கும் விதைகளுக்கும் உணவு செல்லும் குழாய்கள் வேறு. அவற்றில் இரும்பு தனித்துச் செல்ல இயலாது. கட்டின்றி விடப்பட்டால் உயிரணுக்களுக்கே தீங்கு விளைக்கும். ஆதலின் நிக்கோசியானமீன் என்னும் சிறு பொருள் அதனைப் பற்றிக்கொண்டு உடன் செல்கிறது. சிறு பெப்டைடுகளைக் கடத்தும் புரதங்களின் இனத்தைச் சேர்ந்த சில புரதங்களே உயிரணுச் சவ்வுகளில் இவ்விரண்டிற்கும் வழிவிடுகின்றன.

துணை இல்லையேல் என்ன நேரும்? குளோரோனெர்வா என்ற தக்காளி வகையை ஜெர்மானிய அறிஞர்கள் ஆராய்ந்தனர். அதன் வேர்கள் இரும்பை மிகுதியாகவே உறிஞ்சின; முதிர்ந்த இலைகளில் அது தேங்கிக் கிடந்தது. துளிர்களோ நரம்புகளுக்கிடையே மஞ்சள் பூத்து வெளிறின! நிக்கோசியானமீனை உண்டாக்கும் மரபணு அச்செடியில் பழுதுற்றிருந்தமை 1999-இல் வெளியாயிற்று. அப்பொருளை இலைகளில் இட்டபோதும், நலமான செடியின் வேர்த்தண்டில் ஒட்டுக் கட்டியபோதும் துளிர்கள் மீண்டும் பசுமையுற்றன.

செல்வம் வீட்டில் இருந்தது, பிள்ளைகளுக்குத்தான் எட்டவில்லை. நம் இல்லங்களிலும் பெரியோரிடம் விசுவாசம் நிறைந்திருக்கலாம். அதனை இளையோரிடம் கொண்டு சேர்ப்பவை மாலைச் செபமும், உடனமர்ந்து உண்ணும் உணவும், அன்பான ஒரு சொல்லுமே. இச்சிறு துணைகளை நாம் இழந்துவிடலாமா? படைத்தவர் ஒரு செடியில் எழுதிவைத்த பாடத்தைச் சிந்திப்போம்.