துபாய் கிளம்பும் முன் கம்ப்யூட்டரில் முடிக்க வேண்டிய வேலைகள்

முதல் முறை துபாய் போனபோது, இறங்கியதும் வாட்ஸ்அப்பில் வீட்டைக் கூப்பிட்டேன். இணைப்பு கிடைக்கவே இல்லை. ஊரில் அம்மா தூங்காமல் போனையே பார்த்துக் கொண்டிருந்தார். நானோ போனில் கோளாறு என்று நினைத்து ஒரு மணி நேரம் செட்டிங்ஸை நோண்டிக் கொண்டிருந்தேன்.

கோளாறு போனில் இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் மூலம் பேசுவதற்கு அனுமதி இல்லை. எழுத்துச் செய்தியும் படமும் போகும். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஐந்து நிமிடம் தேடியிருந்தால் இது தெரிந்திருக்கும்.

நீங்களும் அந்தப் பாலைவன நாட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறீர்களா? ஒரு மாலை நேரம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து இந்த வேலைகளை முடித்து விடுங்கள்.

1. பாஸ்போர்ட்டில் பெயர்

நம்மில் பலருக்கு ஒற்றைப் பெயர்தான். பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருக்கும். அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டுடன் விசிட் விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருப்பவர்களுக்குப் பின்னர் சற்றுத் தளர்த்தியது. உங்களுடையது ஒற்றைப் பெயர் என்றால், டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் விமான நிறுவனத்திடம் கேட்டு விடுங்கள். பாஸ்போர்ட் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

2. விசா தேடும்போது

கூகுளில் தேடினால் மேலே முதலில் வருபவை பெரும்பாலும் விளம்பரங்கள். 'ஸ்பான்சர்டு' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அமீரக அரசு அலுவலகத் தளங்களின் முகவரி பெரும்பாலும் 'ஜிஓவி டாட் ஏஇ' என்று முடியும். முகவரியைப் படிக்காமல் கார்டு எண்ணை டைப் செய்யாதீர்கள். விசா, டிக்கெட், பாஸ்போர்ட் மூன்றையும் ஸ்கேன் செய்து ஒரே போல்டரில் வைத்து, உங்கள் இமெயிலுக்கும் அனுப்பிக் கொள்ளுங்கள். இரண்டு பிரிண்ட் எடுத்து வெவ்வேறு பைகளில் வையுங்கள்.

3. மருந்தும் மசாலாவும்

கோடீன், ட்ரமடால் போன்றவை கலந்த இருமல், வலி மருந்துகள் அங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. இணையம் வழியாக முன் அனுமதி வாங்க வேண்டும். டாக்டர் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். நம் சமையலறைக் கசகசா அங்கே தடை செய்யப்பட்ட பொருள். மசாலா டப்பாவில் அது இருந்தாலே வம்பு.

4. பேசுவதற்கு

கூகுள் மீட், ஜூம், போட்டிம் போன்றவை அங்கே வேலை செய்கின்றன. ஏதாவது ஒன்றை இரு பக்கமும் முன்பே நிறுவி, பேசிப் பழகி விடுங்கள். விபிஎன் போட்டுத் தடையைத் தாண்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதற்கான அபராதம் 5 லட்சம் திர்ஹாமில் தொடங்குகிறது.

5. சில சிறு விஷயங்கள்

* அங்கே நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். விண்டோஸில் டேட் அண்ட் டைம் செட்டிங்ஸில் 'அடிஷனல் கிளாக்ஸ்' பகுதியில் 'அபுதாபி, மஸ்கட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் வீட்டிலிருப்பவர்களுக்கு இரண்டு நேரமும் தெரியும்.
* பிளக்கில் மூன்று செவ்வகப் பின்கள் இருக்கும். ஓர் அடாப்டர் போதும். மின்சாரம் நம் ஊர் போல 230 வோல்ட்தான்.
* வீட்டு வைஃபையில் இருக்கும்போதே துபாய் மேப்பைப் போனில் ஆஃப்லைனாக டவுன்லோடு செய்யுங்கள்.
* கோடையில் பகல் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். நிறுத்திய காரில் லேப்டாப்பை விட்டுச் செல்லாதீர்கள். நவம்பர் முதல் மார்ச் வரை போவது நல்லது.
* அவசரத்துக்குப் போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 998.

அடுத்த முறை கிளம்பும் முன் அம்மாவுக்குக் கூகுள் மீட்டைப் பழக்கி விட்டுப் போனேன். இறங்கியதும் அழைத்தேன். திரையில் அம்மா முகம் வந்தது. "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார்.