துளையிட்ட தாளும் துளையில்லாத தாளும்

மூத்தாப்பாவின் பெட்டியில் பழைய நூறு ரூபாத் தாளொன்று கிடந்தது. "செல்லாக் காசு மகன்" என்றார் வாப்பா. 1970இல் நிதியமைச்சர் என். எம். பெரேரா, கணக்கில் வராத பணத்தை வெளியே கொண்டுவருவதற்காக ஐம்பது, நூறு ரூபாத் தாள்களைச் செல்லுபடியற்றவையாக்கினார். மூத்தாப்பா ஒப்படைக்காமல் விட்டது அது.

பின்னர் ஒரு சேகரிப்பாளரிடம், மத்திய வங்கி 1951இல் வெளியிட்ட பத்து ரூபாத் தாளின் மாதிரியொன்றைப் பார்த்தேன். கையொப்பத்தின் மேல் துளைகள். "இதுவும் செல்லாக் காசா?" என்றேன். "இல்ல சேர், இது ஒருநாளும் செல்லுற காசாகவே இருக்கல்ல" என்றார் அவர்.

மாதிரித்தாள் என்பது இதுதான். புதிய தாள் வெளிவருமுன், அதை அடையாளங்காண வங்கிகளுக்குச் சில பிரதிகள் அனுப்பப்படும். அச்சகமும் சில பிரதிகளை வைத்துக்கொள்ளும். நிறமும் சித்திரமும் அசலேதான். ஆகையால் யாரும் அதைச் செலவழிக்காதபடி தடுக்க வேண்டும்.

தடுப்பு பலவிதம். தொடரிலக்கம் பெரும்பாலும் பூச்சியங்களாகவே இருக்கும். 'ஸ்பெசிமன்' என்ற சொல்லைச் சிவப்பு மையில் குறுக்கே அச்சிடுவார்கள், அல்லது சிறு துளைகளாலேயே அச்சொல்லைப் பொறிப்பார்கள். டி லா ரூ அச்சகம், பெறுமதியற்றது எனக் கூறும் நீள்வட்ட முத்திரையையும் பயன்படுத்தியது. மையை இரசாயனத்தால் அழிக்க முயலலாம். துளையை மறைப்பது கடினம். கையொப்பத்தில் துளையிடுவதற்கும் காரணமுண்டு. தாளின் வாக்குறுதிக்குப் பொறுப்பேற்பது கையொப்பம். அதைத் துளைத்தால் வாக்குறுதியே இரத்தாகிறது.

மாதிரிகள் அரிது என்பதால் விலை அதிகம். மூத்தாப்பாவின் தாளைப் பார்த்த வியாபாரியொருவர், "ரெண்டு ஓட்டையும் ஒரு சீலும் போட்டா நல்ல விலைக்குப் போகும்" என்றார். இப்படித்தான் போலி மாதிரிகள் பிறக்கின்றன. வாங்குவோர் இலக்கத்தைப் பார்க்க வேண்டும். சாதாரண இலக்கமிருந்தால் நன்கு விசாரிக்க வேண்டும். சந்தைக்கே போகாத தாளில் கைபட்ட அழுக்கும் பல மடிப்பும் எப்படி வரும் என்றும் கேட்க வேண்டும்.

நான் மறுத்துவிட்டேன். பொருளின் குறையைச் சொல்லி விற்பது நம் மார்க்கம். அசல் மாதிரியின் துளை, 'எனக்குப் பெறுமதியில்லை' என்று உண்மை சொல்கிறது. வியாபாரி போடச் சொன்ன துளையோ பொய் சொல்லும். மூத்தாப்பாவின் தாள் இன்னும் துளையில்லாமலே என்னிடம் இருக்கிறது.