நீராவியைப் படிக்க ஒரு புத்தகம்

பொறியியல் மாணவர்கள் தேர்வு அறைக்குள் எடுத்துச்செல்ல அனுமதி உள்ள புத்தகங்களில் ஒன்று ஸ்டீம் டேபிள். விளக்கம் அதிகம் இருக்காது. பக்கத்துக்குப் பக்கம் எண்கள்தான். நீரும் நீராவியும் எந்த அழுத்தத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அந்த எண்கள் சொல்லிவிடுகின்றன.

1 பார் வரிசையில் கொதிநிலை 99.6 டிகிரி செல்சியஸ். 10 பாரில் 179.9. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும் என்பது குக்கர் வைக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கு மிகப் பிடித்தது உள்ளுறை வெப்பத்துக்கான பத்தி. கொதிநிலையில் இருக்கும் ஒரு கிலோ நீரை முழுக்க ஆவியாக்க 1 பாரில் சுமார் 2,258 கிலோஜூல் வேண்டும். 10 பாரில் 2,015 போதும். 100 பாரில் 1,317. இப்படியே இறங்கி, 220.64 பாரில், 374 டிகிரியை ஒட்டி, சுழியாகிவிடும். அதற்கு மேல் கொதித்தல் என்பதே இல்லை. நீருக்கும் ஆவிக்கும் எல்லைக்கோடு அழிந்துபோகிறது. வடசென்னையின் 800 மெகாவாட் அலகு போன்ற சூப்பர்கிரிட்டிகல் மின்நிலையங்கள் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் இயங்குகின்றன.

இந்த எண்களுக்குப் பின்னால் பெரும் உழைப்பு இருக்கிறது. பிரெஞ்சு அரசுக்காக ஆன்ரி ரெனோ நீராவியை நுட்பமாக அளந்து 1847-ல் முடிவுகளை வெளியிட்டார். பின்னர் நாட்டுக்கு ஓர் அட்டவணை வந்தது, எண்கள் ஒத்துப்போகவில்லை. டர்பைன் விற்பவரும் வாங்குபவரும் வெவ்வேறு புத்தகம் பார்த்தால் அதன் திறனை எப்படிக் கணக்கிடுவது? 1929-ல் லண்டனில் சர்வதேச மாநாடு கூடியது. எண்ணோடு, அது எவ்வளவு பிசகலாம் என்ற வரம்பையும் சேர்த்தே ஒப்புக்கொண்டார்கள். அந்த நேர்மைதான் இந்தப் புத்தகத்தின் பலம். இன்று கணினி நிரல்கள் பரவலாகப் பயன்படுத்துவது 1997-ல் ஏற்கப்பட்ட சமன்பாடுகளை.

புதிதாகப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அட்டவணையில் இருப்பது முழு அழுத்தம். பாய்லர் கேஜ் காட்டுவது காற்றழுத்தத்துக்கு மேலே உள்ளதை மட்டும். கேஜில் 9 என்றால் புத்தகத்தில் 10 பார் வரிசையைப் பார்க்க வேண்டும். 100 பாரில் இந்த ஒரு பார் பிசகினால் கொதிநிலை ஒரு டிகிரிகூட மாறாது. ஆனால் மருத்துவமனை ஆட்டோகிளேவில் கேஜ் 1 பாரைக் காட்டும்போது உள்ளே சுமார் 120 டிகிரி. கேஜ் எண்ணை அப்படியே அட்டவணையில் தேடினால் 99.6 என்றுதான் கிடைக்கும்.