எத்தனை அங்குலம் என்று கேட்பதற்கு முன்

வீட்டுப் பட்டறைக்கு மரக்கடைசல் லேத் வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள்: எத்தனை அங்குலம், எத்தனை ஹெச்.பி.? விளம்பரத் தாளிலும் இந்த இரண்டு எண்களைத்தான் பெரிதாக அச்சடிக்கிறார்கள். இரண்டும் தேவையான விவரங்கள்தான். ஆனால் வாங்கிய லேத் உழைக்குமா, மூலையில் கிடக்குமா என்பதை அவை சொல்வதில்லை. அதைச் சொல்வது அதே தாளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் இன்னொரு எண்: அந்த லேத் சுற்றக்கூடிய மிகக் குறைந்த வேகம். அந்த வேகத்தில் மோட்டாரின் இழுவை எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நடுத்தர லேத் என்றால் பெரும்பாலும் 12 அங்குல வகை. மரத்தைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் மையத்துக்கும் கீழேயுள்ள வார்ப்பிரும்பு அடித்தளமான பெட்டுக்கும் இடையே 6 அங்குலம் இருக்கும். ஆகவே 12 அங்குல விட்டமுள்ள மரம் வரை மாட்டலாம். ஸ்பிண்டில் இருக்கும் ஹெட்ஸ்டாக்குக்கும் மரத்தின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்குக்கும் நடுவில் 16 முதல் 21 அங்குல இடம் கிடைக்கும். மோட்டார் முக்கால் அல்லது ஒரு ஹெச்.பி. வீட்டிலுள்ள 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் இணைப்பும் ஒரு பவர் பிளக்கும் இதற்குப் போதும். மத்து, சப்பாத்திக்கட்டை, ஸ்டூல் கால், மரக் கிண்ணம் எல்லாவற்றுக்கும் இடம் தரும் அளவு இது.

இனி வேகத்துக்கு வருவோம். பச்சை மாமரத்தில் 12 அங்குல விட்டம், 4 அங்குல கனத்தில் ஒரு வட்டை அறுத்தால் அது 6 கிலோவுக்கு மேல் இருக்கும். கணுவோ பட்டையோ ஒரு பக்கமாக இருப்பதால் எடை எல்லாப் பக்கமும் ஒன்றாக இராது. விளிம்பில் ஒரு பக்கம் 200 கிராம் கூடுதல் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 250 சுற்றில் அந்த 200 கிராம் லேத்தை ஏறக்குறைய 2 கிலோ எடைக்குச் சமமான விசையில் வெளிப்பக்கமாக இழுக்கும். 500 சுற்றில் அது 8 கிலோவைத் தாண்டும். 1000 சுற்றில் 34 கிலோ. வேகம் இரட்டித்தால் உதறல் நான்கு மடங்காகும் என்பது இயற்பியல்; அதில் பேரம் பேச இடமில்லை. 1000 சுற்றில் அந்த விசை ஒரு நொடியில் 16 தடவைக்கு மேல் திசை மாறி மாறி உதைக்கும்போது, 50 கிலோ லேத் மேசையோடு நகரத் தொடங்கும். மரத்தின் விளிம்போ மணிக்கு 57 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். விட்டத்தை அங்குலத்தில் எடுத்துச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் இடையில் வர வேண்டும் என்று கடைசல்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 12 அங்குல மரத்துக்கு அது 500 முதல் 750 சுற்று. அதுவும் மரம் உருண்டையான பிறகு. உருட்டி எடுக்கும்வரை அதில் பாதியில்தான் தொடங்க வேண்டும். மலிவான லேத்துகள் பலவற்றின் குறைந்தபட்ச வேகமே 500-க்கு மேல் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 12 அங்குலம் என்று எழுதியிருந்தும் அந்த அளவு மரத்தைப் பாதுகாப்பாக மாட்ட முடியாத லேத் அது.

மெதுவாகச் சுற்றினால் மட்டும் போதாது, இழுக்கவும் வேண்டும். நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் ஒரு ஹெச்.பி. மோட்டாரை மின்னணுக் கட்டுப்பாட்டால் மட்டும் 480 சுற்றுக்குக் குறைத்தால், 12 அங்குல மரத்தின் விளிம்பில் உளி சந்திக்கும் விசை சுமார் மூன்றேகால் கிலோதான். கொஞ்சம் ஆழமாக உளி வைத்தால் மரம் நின்றுவிடும். அதே மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டு, பெல்ட்டைச் சின்ன புல்லியிலிருந்து மூன்று மடங்கு பெரிய புல்லிக்குப் போட்டு 480-க்குக் குறைத்தால் 10 கிலோ விசை கிடைக்கும். ஹெச்.பி. மாறவில்லை, வேலை மாறிவிட்டது. இதனால்தான் இந்த வகையில் பெயர் பெற்ற லேத்துகள் திருகிக் கூட்டிக் குறைக்கும் வசதியோடு மூன்று பெல்ட் நிலைகளையும் வைத்திருக்கின்றன. ஜெட் 1221 வி.எஸ். 60 முதல் 3600 சுற்று வரையும், டெல்டா 46-460 என்பது 250 முதல் 4000 வரையும் ஓடும். சாதாரண சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி ஒன்றை மாட்டிச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வேகம் குறைவதற்குள் மோட்டார் சூடேறிக் காயில் கருகும்.

கர்நாடகத்துச் சென்னப்பட்டணத்துக் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாக எளிய லேத்திலேயே அழகழகான பொம்மைகளைக் கடைகிறார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்கள் கடைவது பெரும்பாலும் கையடக்கமான வெட்பாலைத் துண்டுகள். அந்த அளவில் எடை ஒரு பக்கமாகச் சாய்ந்தாலும் உதறல் பெரிதாக இராது. அரக்குக் குச்சியைச் சுற்றும் மரத்தில் அழுத்தி, உராய்வுச் சூட்டில் உருக்கிச் சாயமேற்றி, தாழை மடலால் பளபளப்பாக்கும் அந்த வேலைக்கு வேகம்தான் துணை. பம்பரமும் சொப்பும் மட்டுமே செய்யப் போகிறவர் ஒரே வேகத்தில் ஓடும் லேத்தை வாங்கினால் குறையொன்றும் இல்லை. கிண்ணமும் தட்டும் கடைய நினைப்பவருக்கு மட்டுமே மேலே சொன்ன கணக்கு.

இன்னொரு வாதம் இதைவிட வலுவானது. வேகத்தைப் பிறகு சரிசெய்யலாம், அங்குலத்தைக் கூட்ட முடியாதே, அதனால் பெரிதாகவே வாங்கிவிடலாமே? உண்மைதான், அங்குலத்தைக் கூட்ட முடியாது. ஆனால் 20 அங்குல லேத் 200, 300 கிலோ எடை இருக்கும். மாடிக்கு ஏற்ற முடியாது, கீழே உறுதியான தரை வேண்டும், அதில் போட்ட பணத்தில் உளிக்கு மிச்சம் இராது. நல்ல உளிகள், மரத்தைக் கவ்விப் பிடிக்கும் நான்கு தாடைச் சக், உளி தீட்டும் சாணை மூன்றும் சேர்ந்தால் நடுத்தர லேத்தின் விலையை எட்டிவிடும். உளியைச் சாய்த்துப் பிடிக்கும் டூல் ரெஸ்ட்டின் தாங்கி எடுத்துக்கொள்ளும் உயரத்தைக் கழித்தால் 12 அங்குல லேத்தில் வசதியாகக் கடையக்கூடியது 9, 10 அங்குலம். வீட்டில் பரிமாறும் கிண்ணம் அதைவிடப் பெரிதாக இருப்பது அபூர்வம். எடையைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்: ஸ்டாண்டில் போல்ட் போட்டு இறுக்கி, அடித்தட்டில் இரண்டு எம்-சாண்ட் மூட்டை வைத்தால் போதும்.

கடையில் இன்னும் சிலவற்றைப் பாருங்கள். ஸ்பிண்டில் துளை மோர்ஸ் டேப்பர் 2 ஆக இருந்தால் சென்டரும் டிரில் சக்கும் இரும்பு லேத் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஸ்பிண்டிலின் வெளி மரை, 1 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 8 மரையாகவோ எம்33 ஆகவோ இருக்கட்டும். வேறு மரை என்றால் சக்குக்கு அலைய வேண்டிவரும். இரு பக்கமும் கூர்முனைச் சென்டர்களை மாட்டி, டெயில்ஸ்டாக்கை நகர்த்தி, முனையும் முனையும் நேருக்கு நேர் சந்திக்கிறதா என்று பாருங்கள். பிறகு மரம் மாட்டாமல் ஓடவிட்டு, பெட்டின் மேல் ஒரு பழைய கனமான ஐந்து ரூபாய் நாணயத்தை நிமிர்த்தி வையுங்கள். குறைந்த வேகத்திலிருந்து மேலே ஏற்றும்போதும் நாணயம் நிற்க வேண்டும். ஓட்டிக் காட்ட மறுக்கும் கடையில் லேத் வாங்காதீர்கள்.