மாரியில் கதவு ஏன் இறுகுகிறது?



புத்தளம் கரையில் மாரி மழை தொடங்கியதும் வீட்டுக் கதவுகள் முரண்டு பிடிக்கும். தோளால் இடித்தால்தான் திறக்கும். உப்பளங்களில் உப்பு விளையும் வெயில் காலம் வந்ததும் அதே கதவு தானாக இளகிவிடும். ஏன்?

வெட்டிப் பலகையாக்கிய பிறகும் மரம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், திருப்பிக் கொடுக்கும். கடலுக்கும் களப்புக்கும் நடுவே கிடக்கும் கற்பிட்டி, உடப்பு போன்ற ஊர்களில் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. மாரியில் அது இன்னும் கூடும். மரத்துக்குள்ளே நுண்ணிய குழாய்கள் விளக்குமாற்று ஈர்க்குகளைப் போல நீளவாக்கில் நெருங்கிக் கிடக்கின்றன. அவற்றின் சுவர்களில் நீர் ஏறினால் குழாய்கள் பருக்கும், ஆனால் நீளாது. அதனால் பலகை அகலத்தில் உப்பும். நீளத்தில் அநேகமாக மாறாது.

80 சென்ரிமீற்றர் அகலமான கதவு நூற்றுக்கு அரைப் பங்கு உப்பினாலே 4 மில்லிமீற்றர் கூடிவிடும். கதவுக்கும் நிலைக்கும் இடையில் அவ்வளவு இடம் இல்லையென்றால் இறுகத்தானே செய்யும்! இதை அறிந்த ஓடாவிமார் கதவுச் சட்டத்தில் காடி வெட்டி, நடுப்பலகையை ஆணியும் பசையும் இல்லாமல் அதற்குள் செருகுவார்கள். பலகை காடிக்குள்ளேயே விரியும், சுருங்கும்.

இதே அறிவுதான் இன்றைய ‘மிதக்கும் மரத்தள’த்திலும் இருக்கிறது. பலகைகளின் ஓரங்கள் ஒன்றோடொன்று ‘கிளிக்’ என்று கொளுவிக்கொள்ளும். சீமெந்துத் தரையில் அவற்றை ஆணியால் அறைவதில்லை, ஒட்டுவதுமில்லை. தளம் முழுவதும் ஒரே பாயாக அசையும். அதற்காகச் சுவரோரம் சுமார் 10 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, அதைச் சட்டத்தால் மறைப்பார்கள்.

வாசலில்தான் வேலை நுட்பமானது. நிலையைச் சுற்றிப் பலகையை வளைத்து வெட்டினால் இடைவெளி அசிங்கமாகத் தெரியும். ஆகவே ஒரு துண்டுப் பலகையையும் அதன் அடியில் விரிக்கும் மெத்தைத் தாளையும் நிலையோரம் வைத்து, அதன்மேல் வாளைப் படுக்கையாகப் பிடித்து, நிலையின் அடியை அறுப்பார்கள். அந்த வெட்டுக்குள் தளப்பலகை வழுக்கிப் போகும். உள்ளே இடைவெளி இருக்கும், வெளியே தெரியாது. இரண்டு அறைத் தளங்கள் சந்திக்கும் இடத்திலும் இடைவெளி விட்டு, மேலே ஒரு பட்டியை வைப்பார்கள். அந்தப் பட்டியைச் சீமெந்தில் பொருத்த வேண்டும். பலகையோடு சேர்த்து அறைந்தால் தளம் அசைய முடியாமல் முதுகு தூக்கிக்கொள்ளும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஓடாவியிடம் 10 சென்ரிமீற்றர் சதுரமான, நன்கு காய்ந்த கழிவுப் பலகை ஒன்று கேளுங்கள். மர வரிகள் ஓடும் வாக்கில் நீளத்தையும் குறுக்கே அகலத்தையும் அளந்து குறியுங்கள். மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி அளந்து பாருங்கள். எந்தப் பக்கம் கூடியது?

இன்னொன்று: மாரியில் இறுகிய கதவை அவசரப்பட்டு அதிகம் சீவ விடாதீர்கள். வெயில் வந்ததும் அது சுருங்கும். சீவிய மரம் திரும்பி வராது.