இணையதளத்தில் தனி எழுத்துரு: அழகும் அவசியமும்

பாலக்காட்டில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கமும், இடுக்கியில் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை தாலுகாக்களிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. இன்று தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவோ, கோயில் திருவிழாவோ, சங்கக் கூட்டமோ, எந்தச் செய்தியும் பெரும்பாலும் கைபேசி வழியாகத்தான் வீடு சேர்கிறது. சங்கத் தளங்களை வடிவமைத்துத் தருபவன் என்ற முறையில், "நம்ம தளத்துக்கு அழகா ஒரு ஃபாண்ட் போடுங்க" என்ற வேண்டுகோளை அடிக்கடி கேட்கிறேன். நியாயமான ஆசைதான். அதை எப்படி நிறைவேற்றுவது என்பதை அன்பர்களுக்கு விளக்கவே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எழுத்து வேறு, எழுத்துரு வேறு. யுனிகோட் முறையில் 'க' என்ற எழுத்துக்கு 2965 என்று ஓர் எண் உண்டு. கணினி சேமித்து வைப்பது அந்த எண்ணைத்தான். அதற்கு எந்த வடிவம் கொடுப்பது என்பது எழுத்துருவின் வேலை. தமிழில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. துதிக்கை போல் வளைந்த பழைய 'லை'யும் இன்றைய 'லை'யும் கணினிக்கு ஒன்றே. எழுத்துருவை மாற்றினால் வடிவம் மாறும். 1971-இல் சீர்திருத்தம் கண்ட மலையாளத்துக்கும் இதுவே கதை. நம் பிள்ளைகள் படிக்கும் பழைய லிபி, புதிய லிபி வேறுபாடு பெரும்பாலும் எழுத்துருவின் கையில் இருக்கிறது.

யுனிகோட் பரவுவதற்கு முன்பு நிலைமை வேறு. தளத்துக்குத் தளம் ஒரு ஃபாண்ட். ஃபாண்டுக்கு ஃபாண்ட் ஒரு குறியீடு. அந்த ஃபாண்ட் இல்லாத கணினியில் பார்த்தால், தமிழுக்குப் பதில் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசை கட்டி நிற்கும். இதற்குத் தீர்வாகத் திஸ்கி வந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாக டாம், டாப் குறியீடுகள் வந்தன. 2010-இல் தமிழக அரசு யுனிகோடை ஏற்றது. இணையத்தில் இன்று அதுவே பொது முறை.

பக்கத்தோடு சேர்த்து எழுத்துருவையும் அனுப்பும் உத்தி புதிதல்ல. 1998-இல் வந்த சி.எஸ்.எஸ். 2 தரத்திலேயே 'ஃபாண்ட்-ஃபேஸ்' என்ற கட்டளை இருந்தது. ஆனால் உலாவிக்கு உலாவி வேறு வேறு கோப்பு வகை கேட்டதால் பரவவில்லை. 2010-க்குப் பிறகு 'வாஃப்' என்ற பொது வகை வந்ததும் வழி திறந்தது. இன்று அதன் அடுத்த பதிப்பான 'வாஃப் 2' போதும். எழுத்துருவின் பெயரையும், கோப்பு இருக்கும் இடத்தையும் இரண்டு வரியில் எழுதிவிட்டால், உலாவியே இறக்கிக் கொள்ளும். வாசகர் ஒன்றும் செய்ய வேண்டாம்.

இங்கேதான் ஓர் ஆபத்து. அச்சகத்தில் மலர் தயாரிக்கப் பயன்படுத்திய பழைய குறியீட்டு ஃபாண்டை அப்படியே தளத்தில் ஏற்றினாலும், பார்வைக்குத் தமிழ் வந்துரும். ஆனால் உள்ளே இருப்பது தமிழ் அல்ல. தேடுபொறியில் கிடைக்காது. பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் உளறும். மலையாளத்துக்கு மொழிபெயர்க்கவும் முடியாது. அதனால் பழைய மலர்களை முதலில் யுனிகோடுக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மென்பொருள்கள் இதற்கென்றே உருவானவை.

எதைத் தேர்ந்தெடுப்பது? கட்டற்ற உரிமத்தில் நல்ல தமிழ் எழுத்துருக்கள் இன்று பல உண்டு. கட்டமரன் ஒன்பது தடிமன்களிலும், முக்த மலர் ஏழிலும், ஹிந்த் மதுரை ஐந்திலும் கிடைக்கின்றன. மீரா இனிமை, கேரளத்தின் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர் தந்தது. நமக்கு அண்டை வீட்டுச் சீர். ஆனால் அதில் ஒரே தடிமன்தான். தடித்த எழுத்து கேட்டால் உலாவி தானே மைபூசிக் காட்டும். ண, ணை ஆகியவற்றின் சுழிகள் அடைந்துபோகும். விலை கொடுத்து வாங்கிய ஃபாண்டாக இருந்தால், உரிமம் அச்சுக்கு மட்டுமா, இணையத்துக்கும் உண்டா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

அடுத்தது எடை. மூணாறு மலைச்சரிவில் சிக்னல் கிடைப்பதே சில இடங்களில் பெரும்பாடு. எழுத்துரு வந்து சேரும்வரை பல உலாவிகள் மூன்று விநாடி வரை எழுத்தையே காட்டாமல் மறைத்து வைக்கும். 'ஃபாண்ட்-டிஸ்ப்ளே: ஸ்வாப்' என்று ஒரு வரி சேர்த்தால், கைபேசியில் இருக்கும் எழுத்துருவில் உடனே காட்டி, புதியது வந்ததும் மாற்றிக் கொள்ளும். இன்னும் எளிய வழி, தலைப்புகளுக்கு மட்டும் தனி எழுத்துருவை வைத்து, கட்டுரைப் பகுதியைக் கைபேசியின் சொந்தத் தமிழ் எழுத்துருவுக்கு விட்டுவிடுவது.

கோப்பைச் சிறிதாக்க வேண்டாத எழுத்துகளை வெட்டுவது வழக்கம். தமிழில் இதைப் பார்த்துச் செய்யணும். 'கு', 'கூ', 'டி' ஆகியவற்றின் கூட்டு வடிவங்களுக்குத் தனி எண் கிடையாது. எழுத்துருவுக்குள் இருக்கும் விதிகளே அவற்றை உண்டாக்குகின்றன. அந்த விதிகளையும் வெட்டிவிட்டால் உகரக் குறி தனியே தொங்கும். எனவே வெட்டிய பிறகு 'குடிநீர், பூஞ்சோலை, கொழிஞ்சாம்பாறை, மூணாறு, ஸ்ரீதரன், லக்ஷ்மி' என்று தட்டச்சு செய்து பாருங்கள். வரி இடைவெளியையும் எழுத்தளவின் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வையுங்கள். 'ணு', 'ளூ' கீழ்வரியில் இடிக்காது.

இருமொழிப் பக்கமென்றால் தமிழ்ப் பகுதிக்கும் மலையாளப் பகுதிக்கும் மொழிக் குறிப்பைத் தனித்தனியே கொடுத்து, எழுத்துருவையும் தனித்தனியே சுட்டுங்கள். இரண்டும் ஒரே உயரமாகத் தெரிகிறதா என்று விலை குறைந்த கைபேசியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எழுத்துரு நாளை மாறும்; இன்னும் அழகானது வரும். ஆனால் உள்ளே யுனிகோடில் தமிழாகவே சேமித்து வைத்தது நிலைக்கும். தோட்டத்து வரிவீட்டில் ஒரு பேத்தி தன் தாத்தாவின் பெயரைத் தமிழில் தட்டித் தேடினால், பழைய மலரில் அவர் எழுதிய கட்டுரை அவள் கைக்கு வரவேண்டும். சங்கப் பொறுப்பாளர்கள் தளத்தின் அழகைப் பற்றிப் பேசும்போது, இதையும் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டுகிறேன்.